பள்ளிப் பிரிப்பும் மொழிச் சாக்கும்: வழக்குகள் சில, ஒரு மொழியியல் நோக்கு

'செக்ரிகேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முற்படுவோர் முதலில் நாடுவது 'ஒதுக்கு' என்னும் வினையடியையே. ஆனால் அதே அடியிலிருந்துதான் 'ஒதுக்கீடு' என்ற சொல்லும் பிறந்துள்ளது. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைப்பதும் கல்லூரியில் இடம் ஒதுக்கித் தருவதும் ஒரே வினையின் இரு பயன்பாடுகள். முன்னதில் மக்களை ஒதுக்குகிறோம்; பின்னதில் மக்களுக்கு ஒதுக்குகிறோம். இரண்டாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் உள்ள இடைவெளியே கொடுமைக்கும் நீதிக்கும் உள்ள இடைவெளியாகிவிடுகிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு இக்கட்டுரையில் 'பிரிப்பு', 'பிரிப்பு நீக்கம்' என்னும் தொடர்களே ஆளப்படுகின்றன. எனினும் மேற்கண்ட வேற்றுமை நுட்பத்தை வாசகர் நினைவில் கொள்வது நல்லது. பள்ளியில் ஒரு சாராருக்கெனத் தனி வகுப்பு அமைக்கும்போது, அது பிள்ளைகளை ஒதுக்கியதா, பிள்ளைகளுக்கு ஒதுக்கியதா என்னும் கேள்வி தவறாமல் எழுகிறது. மொழியைக் காரணம் காட்டும் இடங்களில் அக்கேள்விக்கு விடை காண்பது இன்னும் கடினம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பள்ளிப் பிரிப்பு நீக்க வரலாறு பெரும்பாலும் நிறத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1896ஆம் ஆண்டின் பிளெஸ்ஸி வழக்கு 'தனியே, ஆயினும் சமமாக' என்னும் கோட்பாட்டை நிலைநிறுத்தியது; 1954 மே 17 அன்று பிரௌன் வழக்கின் தீர்ப்பு அதனைப் பொதுப் பள்ளிகளைப் பொறுத்தவரை வீழ்த்தியது. இவை பலரும் அறிந்தவை. அவ்வரலாற்றின் ஓரத்தில் மொழி வகித்த பங்கை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆரஞ்சு மாவட்டம்

கலிபோர்னியாவின் கல்விச் சட்டம் செவ்விந்தியர், சீனர், சப்பானியர், மங்கோலிய இனத்தார் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் அமைக்க இடந்தந்தது. மெக்சிகோ வழிவந்தோர் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மாநிலத்தின் தென்பகுதியில் 'மெக்சிகப் பள்ளி' என்று ஊரார் வழங்கிய தனிப் பள்ளிகள் பல இயங்கின. சட்டத்தில் இனம் குறிக்கப்படாத நிலையில் பிரிப்புக்கு வேறொரு காரணம் தேவைப்பட்டது. அவ்விடத்தை நிரப்பிய காரணமே மொழி. இப்பிள்ளைகள் வீட்டில் ஸ்பானியம் பேசுவோர். ஆங்கிலம் கைவரும் வரை தனியே பயில்வதே அவர்களுக்கு நலம் என்பது பள்ளி நிருவாகங்களின் வாதமாயிற்று. அதாவது அது 'பிள்ளைகளுக்கு ஒதுக்கிய' பள்ளி என்றனர்.

1940களின் முற்பகுதியில் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சி இவ்வாதத்தின் உட்பொருளைக் காட்டிவிட்டது. கொன்சாலோ மெண்டெஸ் என்னும் குத்தகை உழவரின் பிள்ளைகளை அவருடைய தமக்கை தம் பிள்ளைகளோடு சேர்த்து ஊர்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். வெளிர் நிறமும் பிரெஞ்சுச் சாயல் கொண்ட குடும்பப் பெயரும் உடைய அத்தையின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளி முன்வந்தது; மெண்டெஸ் பிள்ளைகளை மெக்சிகப் பள்ளிக்குச் செல்லுமாறு கூறியது. இரு குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே வீட்டுச் சூழலில் வளர்ந்தவர்கள். மொழியே காரணமாயின் இருவர்க்கும் ஒரே விடை கிடைத்திருக்க வேண்டும். மெண்டெஸ் உழுத நிலமும் வேறொரு பிரிப்பின் விளைவாகவே அவர் கைக்கு வந்தது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அதன் உரிமையாளரான சப்பானிய அமெரிக்கக் குடும்பம் போர்க்காலத்தில் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தது.

மெண்டெசும் வேறு நான்கு தந்தையரும் சேர்ந்து வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ், சான்டா ஆனா, எல் மொடேனா ஆகிய நான்கு பள்ளி மாவட்டங்கள் மீது 1945 மார்ச்சில் வழக்குத் தொடுத்தனர். ஏறத்தாழ 5,000 பிள்ளைகளின் சார்பாக வழக்கு நடந்தது. மொழியியலார் ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டிய வழக்கு இது. அங்கு விசாரணைக்கு வந்தது பிள்ளைகளின் மொழித்திறன் மட்டுமன்று. அத்திறனை அளந்த முறையும் விசாரணைக்கு வந்தது. அளந்த முறை என்று சொல்வதும் மிகையே. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட தேர்வுகள் அவசரமானவை, மேலோட்டமானவை, நம்பத்தகாதவை என்று நீதிபதி பால் மக்கார்மிக் கண்டார். சில இடங்களில் பிள்ளையின் பெயர் ஸ்பானியச் சாயலில் இருந்ததே போதுமானதாக இருந்தது. பெயரைப் பார்த்துத் தாய்மொழியை முடிவு செய்தனர். தாய்மொழியைக் கொண்டு ஆங்கில அறிவை முடிவு செய்தனர். பேச்சைக் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி சாட்சிக் கூண்டில் ஏறி ஆங்கிலத்தில் விடையளித்தபோது அவ்விரு முடிவுகளும் ஒருசேரத் தகர்ந்தன. கார்டன் குரோவ் பள்ளிக் கண்காணிப்பாளரோ மொழியோடு நில்லாமல் உடல் தூய்மை, அறிவுத்திறன் ஆகியவற்றையும் பிரிப்புக்குக் காரணமாக அடுக்கினார். மொழிக் குறைபாடு என்னும் மேற்போர்வைக்குள் இருந்தது எது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மானிடவியலார் ரால்ஃப் பீல்ஸ் அளித்த சாட்சியம் மற்றொரு வகையில் முதன்மையானது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடமிருந்து பிரித்து வைப்பது ஆங்கிலம் கற்பதைத் தாமதப்படுத்தும் என்பது அதன் சாரம். நீதிபதியும் அதனை ஏற்றார். இன்று மொழிக் கற்றல் ஆய்வில் பயிலும் எவரும் இதனை வியப்பாகக் கொள்ளார். ஒரு மொழியைக் கற்பிப்பதற்கென அம்மொழி பேசுவோர் இல்லாத இடத்திற்குப் பிள்ளையை அனுப்புவது, நீச்சல் கற்பிக்கக் கரையில் நிறுத்துவது போன்றதே. 1946 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மொழிக்குறை உண்மையாகவே உள்ள பிள்ளைக்குத் தொடக்க வகுப்புகளில் தனிக் கவனம் தரலாம்; ஆயின் ஒவ்வொரு பிள்ளையையும் முறையாகத் தேர்ந்தறிந்த பின்னரே அது செய்யப்பட வேண்டும்; அத்தேர்விலும் பரம்பரை நோக்கப்படக்கூடாது. இதுவே தீர்ப்பின் மொழி பற்றிய பகுதி. வகைக்கன்றித் தனி ஆளுக்கே மொழித்திறன் உரியது என்ற உண்மையை ஒரு நீதிமன்றம் இவ்வளவு தெளிவாகக் கூறியது அரிது.

1947 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது. ஆனால் குறுகிய காரணத்தின் மேல். சட்டப் பட்டியலில் மெக்சிகர் இல்லாமையால் அவர்களைப் பிரிக்க நிருவாகத்திற்கு அதிகாரமில்லை என்று மட்டும் கூறி அது நின்றுவிட்டது. சட்டம் இருந்திருந்தால் என்னாகும் என்ற கேள்வியைத் தொடவில்லை. அவ்வாண்டு ஜூனில் ஆளுநர் ஏர்ல் வாரன் அப்பட்டியலையே நீக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஏழாண்டுகள் கழித்துப் பிரௌன் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதியும் அவரே. மெண்டெஸ் வழக்கின் மேல்முறையீட்டில் நண்பர் மனு அளித்தோருள் கறுப்பர் முன்னேற்றச் சங்கம், சப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் கழகம், அமெரிக்க யூதப் பேரவை ஆகியவை இருந்தன. தத்தம் சமூகத்துப் பிள்ளைகள் அப்பள்ளிகளில் இல்லாதபோதும் இவை முன்வந்தன.

டெக்சாசில் கதை வேறு வகையாகச் சென்றது. 1948இல் டெல்காடோ வழக்கின் ஆணை பிரிப்பைத் தடை செய்தது. ஆயினும் முறையான தேர்வின் அடிப்படையில், முதல் வகுப்பில் மட்டும், அதே வளாகத்திற்குள் தனி வகுப்பு நடத்தலாம் என்று ஒரு விதிவிலக்கும் தந்தது. மொழியியல் நோக்கில் அவ்விதிவிலக்கில் பிழையில்லை. நடைமுறையில் அதுவே வாயிலாயிற்று. டிரிஸ்கால் என்னும் ஊரில் மெக்சிகப் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைக்கப்பட்டனர். ஸ்பானியமே அறியாது ஆங்கிலம் மட்டும் பேசிய ஒரு பிள்ளையும் குடும்பப் பெயரால் அவ்வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தது 1957ஆம் ஆண்டு வழக்கில் வெளிப்பட்டது.

2. சமயச் சமூகங்களின் பள்ளிகள்

பொதுக் கல்வியில் சமவாய்ப்பு என்னும் கோரிக்கையைச் சமயச் சமூகங்களின் கல்வி உரிமை இரு திசைகளிலும் இழுத்துள்ளது. அவ்வுரிமையின் தொடக்கமும் மொழியோடு பிணைந்ததே. முதல் உலகப் போருக்குப் பின் எழுந்த ஜெர்மானிய வெறுப்பில் நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் ஒரு சட்டம் இயற்றியது. எட்டாம் வகுப்புத் தேறும் முன் ஆங்கிலமல்லாத மொழி எதனையும் கற்பிப்பது குற்றம் என்றது அது. 1920 மே மாதம் லூத்தரன் திருச்சபைப் பள்ளி ஒன்றில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுச் சிறுவனுக்கு விவிலியக் கதைகளை ஜெர்மன் மொழியில் கற்பித்ததற்காகத் தண்டம் விதிக்கப்பெற்றார். 1923இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 1925இல், எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியிலேயே பயில வேண்டும் என்ற ஓரிகன் மாநிலச் சட்டமும் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்றின் வழக்கால் வீழ்ந்தது. அச்சட்டத்தை ஆதரித்தோருள் கு கிளக்ஸ் கிளான் இயக்கமும் ஒன்று. எனவே சமயப் பள்ளிகளின் உரிமை சிறுபான்மையரின் கேடயமாகவே தோன்றியது எனலாம்.

அக்கேடயம் பின்னர் வேறு கைகளுக்கு மாறியது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்னும் மாணவி தலைமையில் கறுப்பின மாணவர் தம் நெரிசலான பள்ளியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அதிலிருந்து எழுந்த வழக்கு பிரௌன் வழக்கோடு இணைக்கப்பட்டது. தீர்ப்பை நிறைவேற்ற மனமில்லாத மாவட்ட நிருவாகம் 1959இல் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டது. ஐந்தாண்டுகள் அவை மூடியே கிடந்தன. வெள்ளையர்க்கென உடனே எழுந்த தனியார் பள்ளியின் முதல் வகுப்புகள் தேவாலயங்களின் ஞாயிறு பள்ளி அறைகளிலும் நடந்தன. அதே ஆண்டுகளில் கறுப்பினத் தேவாலயங்களின் நிலவறைகளில் பிள்ளைகளுக்குச் சிறு கற்றல் மையங்கள் நடந்தன. குவேக்கர் சமயத்தாரின் பணிக்குழு சில பிள்ளைகளை வேற்று மாநில இல்லங்களில் தங்கிப் படிக்கச் செய்தது. ஆப்பிரிக்க மெதடிச ஆயச் சபையின் கிட்ரெல் கல்லூரி மேல்வகுப்பு மாணவரை ஏற்றது. 1964இல் கிரிஃபின் வழக்கின் தீர்ப்பால் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, படிப்பு முற்றாக விடுபட்ட பிள்ளைகள் பலர் வகுப்புக்குரிய வயதைக் கடந்திருந்தனர்.

சமயத் தலைமையின் சொல்லுக்கும் செயலுக்கும் இடையேயுள்ள தொலைவும் கவனிக்கத்தக்கது. செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசஃப் ரிட்டர் பிரௌன் தீர்ப்புக்கு முன்னரே, 1947இல், தம் மறைமாவட்டப் பள்ளிகளில் பிரிப்பை நீக்கினார். வழக்குத் தொடுக்க முனைந்த பெற்றோரைச் சபைவிலக்கம் பற்றி எச்சரித்தார். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசஃப் ரம்மெல் 1956இல் இனப்பிரிப்பு பாவம் என்று சுற்றுமடல் எழுதினார். ஆனால் அவர்தம் பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திறந்தது 1962இல்தான். அந்நகரின் பொதுப் பள்ளிகள் ஈராண்டு முந்திக்கொண்டன.

1976இல் ரன்யன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு வரைந்தது. பெற்றோர் தாம் விரும்பும் கருத்தைக் கற்பிக்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாம். பிரிப்பு நல்லது என்ற கருத்தையும் கற்பிக்கலாம். ஆனால் தனியார் பள்ளி நிறம் நோக்கிப் பிள்ளையைத் தடுக்கக்கூடாது. சமயச் சார்பற்ற தனியார் பள்ளிகளைப் பற்றிய தீர்ப்பு அது. சமயக் கொள்கையின் பேரால் இன வேறுபாடு காட்டும் நிறுவனத்துக்கு வரிவிலக்கு இல்லை என்பது 1983இல் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக வழக்கில் முடிவாயிற்று.

3. ஒரே நூல், ஒரே ஆசிரியர்

பிரிப்பு நீங்கிய பின் எழுவது வேறொரு சிக்கல். பிரௌன் தீர்ப்பின் பொருளைச் சுருக்க முயன்ற நீதிபதி ஜான் பார்க்கர் 1955இலேயே, அரசமைப்பு ஒருங்கிணைப்பைக் கட்டாயமாக்கவில்லை, வேற்றுமை காட்டுதலை மட்டுமே தடுக்கிறது என்றார். 'பிரிப்பு நீக்கம்', 'ஒருங்கிணைப்பு' என்னும் இரு சொற்களுக்கிடையே அவர் எழுப்பிய சுவரின் நிழலில் தென்மாநிலப் பள்ளிகள் பதின்மூன்று ஆண்டுகள் ஒதுங்கி நின்றன. 1968இன் கிரீன் வழக்குத்தான் அதனை உடைத்தது.

மொழியைப் பொறுத்தவரை இச்சிக்கல் சான் பிரான்சிஸ்கோவில் வெளிப்பட்டது. சீனப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் வைத்திருந்த நகரம் அது. 1971இல் நீதிமன்ற ஆணைப்படி பள்ளிகளைக் கலக்க முனைந்தபோது சீனப் பெற்றோர் சிலரே எதிர்த்தனர். தம் பிள்ளைகள் மொழியும் பண்பாடும் கற்கும் வாய்ப்பை இழப்பர் என்றனர். நீதிபதி வில்லியம் டக்ளஸ் அவர்தம் மனுவை ஏற்கவில்லை. மூன்றாண்டுகளுக்குள், 1974இல், லாவ் வழக்கின் தீர்ப்பை எழுதியவரும் அவரே. ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகளில் ஏறத்தாழ 1,800 பேருக்கு எவ்வகை மொழி உதவியும் இல்லை. எல்லார்க்கும் அதே கட்டடம், அதே நூல், அதே ஆசிரியர் என்றது நிருவாகம். மொழி புரியாத பிள்ளைக்கு அது சமத்துவம் ஆகாது என்றது மன்றம். இவ்விரு தீர்ப்புகளும் முரணானவை என்போர் உளர். என் நோக்கில் முரண் இல்லை. முன்னது பிள்ளைகள் எங்கே அமர்வது என்பது பற்றியது. பின்னது அமர்ந்த பின் அவர்கள் காதில் விழுவது புரிகிறதா என்பது பற்றியது.

லாவ் தீர்ப்பு வந்த அதே ஆண்டில் நாடாளுமன்றம் சமக் கல்வி வாய்ப்புச் சட்டத்தை இயற்றியது. இன ஒருங்கிணைப்புக்காகப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் வேட்கையில் பிறந்த சட்டம் அது. ஆயினும் மொழித் தடைகளைக் கடக்கப் பள்ளிகள் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்னும் ஒரு பிரிவும் அதில் இடம்பெற்றது. அப்பிரிவு அயல்மொழி பேசுவோர்க்கு மட்டுமா, ஒரே மொழியின் கிளைவழக்கைப் பேசுவோர்க்குமா?

இக்கேள்வி மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் எழுந்தது. மார்ட்டின் லூதர் கிங் பெயர் தாங்கிய தொடக்கப்பள்ளி அது. குறைந்த வருவாய்க் குடியிருப்பிலிருந்து வந்த கறுப்பினப் பிள்ளைகள் அங்கே வெள்ளையரோடு ஒரே கூரையின் கீழ்ப் பயின்றனர். ஆயினும் அவர்களுள் பலர்மேல் கற்றல் குறைபாடு உடையோர் என்ற முத்திரை விழுந்தது. 1977இல் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். வறுமை, பண்பாடு முதலிய காரணங்களை நீதிபதி சார்லஸ் ஜாய்னர் ஏற்காது, மொழித்தடை என்ற ஒன்றை மட்டும் விசாரித்தார். ஜெனிவா ஸ்மிதர்மன், வில்லியம் லபோவ் முதலிய மொழியியலார் சாட்சியளித்தனர்.

அவர்கள் நிறுவியது இதுவே: கறுப்பின ஆங்கிலம் சிதைந்த ஆங்கிலமன்று, தனக்கென விதிகள் உடைய வழக்கு. சான்றாக, 'ஹி டயர்ட்' என்று இணைப்பு வினையை விட்டுச் சொல்வதைக் காணலாம். பொது ஆங்கிலத்தில் 'ஹி இஸ்' என்பது 'ஹிஸ்' எனச் சுருங்கக்கூடிய இடங்களில்தான் இவ்வழக்கில் அது மறைகிறது. சுருங்க இயலாத இடத்தில் மறைவதில்லை. 'ஹி பி லேட்' என்றால் அவன் இன்று தாமதம் என்பதன்று, தாமதமாக வருவது அவன் வழக்கம் என்பது பொருள். பொது ஆங்கிலத்தில் இதற்கெனத் தனி வடிவம் இல்லை. நாம் 'அவன் நல்லவன்' என்கிறோம். எழுவாயும் பயனிலைப் பெயரும் மட்டுமே உள்ள இத்தொடரைச் செவ்விய தமிழ் என்று இலக்கணம் கற்பிக்கிறது. ஒரு மொழியில் செம்மையாக இருப்பது மற்றொன்றில் சோம்பலுக்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறதென்றால் பழி வாக்கிய அமைப்பினுடையதன்று.

வாசிப்பில் இதன் விளைவு நேரடியானது. இறந்தகால விகுதியை ஒலிக்காமல் படிக்கும் பிள்ளை அதனைப் புரியாமல் படிக்கிறதா, புரிந்தும் தன் வழக்கின் ஒலியமைப்புப்படி படிக்கிறதா என ஆசிரியர் அறிய வேண்டும். லபோவ் இதற்கொரு வழி கண்டிருந்தார். ஆங்கிலத்தில் 'படி' என்னும் வினை நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே எழுத்தில் அமைந்து ஒலியில் மட்டும் வேறுபடும். இறந்தகால விகுதி கொண்ட ஒரு வினையை அடுத்து அச்சொல்லை வைத்தால், பிள்ளை அதை 'ரீட்' என்கிறதா 'ரெட்' என்கிறதா என்பதைக் கொண்டு விகுதி புரிந்ததா என்று கூறிவிடலாம். எளிய சோதனைதான். ஆனால் திருத்துவதற்கு முன் கேட்க வேண்டும் என்னும் பொறுமை அதற்குத் தேவை.

1979 ஜூலைத் தீர்ப்பில் நீதிபதி கிளைவழக்கையே தடை என்று கூறவில்லை. அவ்வழக்கை ஆசிரியர் தம்மையறியாமல் தாழ்வாக மதித்தமையும், வாசிப்பு கற்பிக்கையில் அதனைக் கணக்கில் கொள்ளாமையுமே தடை என்றார். முப்பது நாளில் ஒரு திட்டம் வகுக்குமாறு ஆணையிட்டார். அதன்படி பயிற்சிக்கு அனுப்பப்பட்டோர் ஆசிரியர்களே. 1996இல் ஓக்லாந்து பள்ளி வாரியம் இதையொட்டியே ஒரு தீர்மானம் இயற்றியபோது நாடெங்கும் எழுந்த ஏளனத்தைப் பார்த்தால், ஆன் ஆர்பர் தீர்ப்பைப் படித்தோர் மிகச் சிலரே எனத் தோன்றுகிறது.

4. பம்பாய், 1954

நம் அரசமைப்பின் 15ஆம் உறுப்பில் வேற்றுமைக்கு அடிப்படையாகக் கூடாதவை எனச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவை கூறப்படுகின்றன, மொழி அங்கில்லை. ஆனால் அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் சேர்க்கை பற்றிய 29(2) உறுப்பில் சமயம், இனம், சாதி ஆகியவற்றோடு மொழியும் வெளிப்படையாக இடம்பெறுகிறது. பள்ளி வாயிலில் மொழி எவ்வாறு பயன்படக்கூடும் என்பதை அரசமைப்பை இயற்றியோர் அறிந்திருந்தனர்.

அது உடனே தேவைப்படவும் செய்தது. 1954 ஜனவரியில் பம்பாய் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆங்கிலத்தைத் தம் மொழியாக உடைய பிரிவினர், அதாவது ஆங்கிலோ இந்தியரும் ஆசியரல்லாத வழிவந்தோரும் தவிரப் பிறரை ஆங்கிலவழி வகுப்புகளில் புதிதாகச் சேர்க்கக்கூடாது என்பது அது. தேவ்லாலியில் இருந்த பார்ன்ஸ் உயர்நிலைப் பள்ளி, ஆங்கிலோ இந்தியப் பள்ளி எனினும், பிற சமூகப் பிள்ளைகளையும் ஏற்று வந்தது. ஆணைக்குப் பின் அங்கே தம் பிள்ளைக்கு இடம் மறுக்கப்பட்ட தந்தையர் இருவர் வழக்குத் தொடுத்தனர். ஒருவர் குஜராத்தி பேசும் இந்து. மற்றவர் இந்தியக் கிறித்தவர், தம் தாய்மொழி ஆங்கிலம் என்றவர்.

இவ்விரண்டாம் தந்தையின் நிலையே மொழியியலாருக்கு உரியது. அவர் வீட்டில் எம்மொழி பேசினார் என்பதை ஆணை கேட்கவில்லை. மொழி ஆளுக்கு உரியதன்று, பிறந்த பிரிவுக்கு உரியது என்பதே அதன் உள்ளுறை. வெஸ்ட்மின்ஸ்டரில் பெயரைப் பார்த்து மொழியை முடிவு செய்ததும் இங்கே வமிசத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்ததும் ஒரே செயல். திசை மட்டும் எதிர். அங்கே ஆங்கிலம் தெரியாது என்று வெளியே நிறுத்தினர்; இங்கே ஆங்கிலம் உனதன்று என்று வெளியே நிறுத்தினர்.

ஆணையின் நோக்கம் தேசிய மொழியை வளர்ப்பதும் தாய்மொழிவழிக் கல்வியைப் பெருக்குவதுமே என அரசு வாதிட்டது. அந்நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை; தாய்மொழிவழிக் கல்வியை ஆதரிக்கும் மொழியியலாருள் நானும் ஒருவன். ஆனால் நோக்கம் எதுவாயினும் இடம் மறுக்கப்பட்டதன் உடனடிக் காரணம் மொழியே என்று உச்ச நீதிமன்றம் கண்டது. அரசு உதவி பெற ஆங்கிலோ இந்தியப் பள்ளிகள் ஆண்டுச் சேர்க்கையில் 40 விழுக்காட்டையேனும் பிற சமூகத்தார்க்குத் தர வேண்டும் என்னும் 337ஆம் உறுப்பையும் அது சுட்டியது. அரசமைப்பு திறந்து வைக்கச் சொன்ன வாயிலை அரசாணை மூடியிருந்தது. தீர்ப்பு வெளியான நாள் 1954 மே 26. பிரௌன் தீர்ப்புக்கு ஒன்பது நாள் பின்னர்.